கொருக்குப்பேட்டைக் காற்றும் ரேடான் கணக்கும்

மார்கழி மாதத்தில் பொழுது விடிவதற்கு இரண்டு நாழிகை முன்னால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகே போய் நிற்பவர், சாலையோரத் தேநீர்க் கடையின் பாய்லரிலிருந்து எழும் விறகுப் புகை கடையின் தகரக் கூரை வரையில் நேராக ஏறிவிட்டு, அதற்கு மேல் போக மனமில்லாததுபோல் மடங்கிப் படுத்து, தெரு நெடுகத் தவழ்ந்து போவதைக் காண்பார். கேட் திறக்கக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் டீசல் புகையும், கேப்டன் காட்டன் கால்வாயின் வீச்சமும் அந்தப் படுத்த புகையோடு சேர்ந்துகொள்ள, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை, பழகிப்போயிற்று. அதே கடைக்குப் பகல் இரண்டு மணிக்குப் போனால், பாய்லரும் அதுதான், விறகும் அதுதான், லாரிகளும் குறைந்தபாடில்லை. ஆனால் புகை போன இடம் தெரியாது. மனிதன் செய்யும் புகையில் பெரிய பேதம் இல்லாதபோது, அப்புகைக்கு ஆகாயம் ஒதுக்கிக் கொடுக்கும் இடந்தான் காலைக்கும் பகலுக்கும் இவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்பது, பௌதிக சாஸ்திரம் படியாதவருக்கும் அங்கே நின்றபடியே விளங்கும்.

மணலியிலும், கொடுங்கையூரிலும், இராயபுரத்திலும் காற்றின் தரத்தை இடைவிடாது அளக்கும் அரசாங்க நிலையங்கள் இருக்கின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் இத்தனை மைக்ரோகிராம், கந்தக டையாக்சைடு இத்தனை என்று அவை மணிக்கு மணி எண்களைத் தருகின்றன. பார்வைக்கு ஒற்றையாகத் தோன்றும் இந்த எண், உண்மையில் ஒரு வகுத்தல் கணக்கின் ஈவு. பகுபடும் எண் நாம் வெளிவிட்ட புகை. பகுக்கும் எண் அப்புகை பரவக் கிடைத்த காற்றின் பரிமாணம். ஈவு இரட்டித்தால் புகை இரட்டித்ததா, இடம் பாதியாயிற்றா என்பதை அந்த ஈவே சொல்லாது. ஆயினும் இந்த ஈவை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு, இவ்வாண்டு வடசென்னைக் காற்று மேம்பட்டது என்றும், சென்ற ஆண்டைவிடக் கெட்டுவிட்டது என்றும் நாம் தீர்ப்புக் கூறி வருகிறோம். பகுக்கும் எண்ணைத் தனியே அறிவதற்கு ஒரு வழி உண்டு என்பதும், அவ்வழி நம் காலடி மண்ணிலிருந்தே கிளம்புகிறது என்பதுந்தான் இக்கட்டுரையின் விஷயம்.

மண்ணிலும் பாறையிலும் எங்கும் சிறிதளவு யுரேனியம் கலந்திருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியத்தின் சிதைவிலிருந்து ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. நிறமோ மணமோ இல்லாத இவ்வாயு எதனோடும் இரசாயனச் சேர்க்கை கொள்ளாத மந்த வாயுக்களின் குலத்தைச் சேர்ந்தது. மண்ணின் துவாரங்கள் வழியே மேலேறிக் காற்றில் கலந்தபின், மழை அதைக் கரைத்து இறக்குவதில்லை, இலை உறிஞ்சுவதில்லை, வெயில் மாற்றுவதில்லை. கதிரியக்கத்தால் தானே சிதைவது ஒன்றுதான் அதற்கு முடிவு. அதன் அரை ஆயுள் 3.82 நாட்கள், அதாவது இன்று இருக்கும் அணுக்களில் பாதி நாலாம் நாளுக்குள் இராது. நிலம் விடும் ரேடானோடு ஒப்பிட்டால் சமுத்திரம் விடுவது நூறில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு அற்பம். மூடிய வீடுகளில் இவ்வாயு தேங்கி நுரையீரல் புற்றுக்குக் காரணமாவது வேறொரு பெரிய பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் கன மீட்டருக்கு 100 பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று சொன்ன வரம்பு அதைப் பற்றியது. திறந்த வெளியில் இருப்பது பெரும்பாலும் 5 முதல் 15 பெக்கரெல் வரையில்தான். அதனால் இங்கே ரேடானைக் குற்றவாளியாகக் கருதாமல் சாட்சியாக அழைக்கிறோம்.

இந்தச் சாட்சியின் வரலாறு நூற்றாண்டைக் கடந்தது. 1899இல் ரூதர்போர்டும் ஓவன்ஸும் தோரியத்திலிருந்து ஏதோ ஓர் ஆவி கிளம்புவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் டோர்ன் என்பவர் ரேடியத்திலும் அவ்வாறே கண்டார். 1901இல் எல்ஸ்டர், கைட்டல் என்னும் இருவர் திறந்த வெளியில் ஒரு கம்பியைக் கட்டி, அதற்கு எதிர் மின்னூட்டம் கொடுத்துச் சில மணி நேரம் விட்டுவைத்தபோது, கம்பியின்மீது கதிரியக்கப் படிவு ஏறியிருந்தது. ரேடானின் வழித்தோன்றல்கள் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே மிதக்கின்றன என்று உலகம் அறிந்தது அந்தக் கம்பியால்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். உலர்ந்த நிலத்தின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து நொடிக்குச் சராசரியாக ஓர் அணு வீதம் ரேடான் வெளிப்படுகிறது என்று கொள்ளலாம். அப்படியானால் ஒரு சதுர மீட்டரிலிருந்து நொடிக்குப் பத்தாயிரம் அணுக்கள். மாலை ஏழு மணிக்கு நிலம் குளிரத் தொடங்கி, நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, அதன்மேல் உஷ்ணமான காற்று ஒரு மூடிபோல் அமர்ந்துகொண்டது என்றும், அம்மூடி நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். காலை ஐந்து மணிக்குள், அதாவது பத்து மணி நேரத்தில், அந்த ஒரு சதுர மீட்டர் விட்ட அணுக்கள் 36 கோடி. அவை நூறு மீட்டர் உயரத் தூணில் பரவினால் கன மீட்டருக்கு 36 லட்சம். ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரெல் எனப்படும். அதற்கு ஏறத்தாழ 4.8 லட்சம் ரேடான் அணுக்கள் வேண்டும். ஆகவே விடியும்போது ரேடான் 7.5 பெக்கரெல் ஏறியிருக்கும். இடையில் சிதைந்து போவது நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லையாகையால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். மூடி ஐம்பது மீட்டரிலேயே அமர்ந்திருந்தால் ஏற்றம் 15 பெக்கரெல் ஆகும். கணக்கைத் திருப்பிப் போட்டால், ரேடான் ஏறிய அளவைக்கொண்டு மூடியின் உயரத்தை அறிந்துவிடலாம். லாரி ஓட்டம் பண்டிகைக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தக்கபடி மாறும்; மண்ணோ ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை எடுப்பதில்லை. பகுபடும் எண் மாறாத ஒரு பொருளை அளப்பதனால், அதன் ஈவிலிருந்து பகுக்கும் எண் தானே வெளிப்பட்டுவிடுகிறது.

ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, இருபத்தைந்துக்குப் பின் இருபத்துநாலு சுழியம் இட்ட எண். அவற்றினிடையே சில பத்து லட்சம் ரேடான் அணுக்களைத் தேடுவது எவ்வாறு கூடும் என்று வாசகர் ஐயுறலாம். அணுவைத் தேட வேண்டியதில்லை. சிதைகிற அணு தானே குரல் கொடுக்கிறது. இதற்கென்று அமைந்த ஒரு வகைக் கருவியில், குழாய் வழியே இழுக்கப்படும் காற்று முதலில் ஒரு வடிகட்டியைக் கடக்கிறது. தூசியும், வெளியிலேயே பிறந்துவிட்ட ரேடான் வழித்தோன்றல்களும் அங்கே தங்கிவிடுகின்றன. வாயு மாத்திரம் ஒரு பெரிய பீப்பாய்க்குள் நுழைந்து சுற்றுகிறது. உள்ளே சிதையும் ரேடான் பொலோனியத்தைப் பிறப்பிக்க, அப்பொலோனியம் இரண்டாவது வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு, தானும் சிதையும்போது ஆல்ஃபா துகளை வீசுகிறது. அத்துகள் துத்தநாக சல்ஃபைடு பூசிய தகட்டில் பட்டதும் கண நேரம் ஒரு பொறி மின்னுகிறது. அந்தப் பொறிகளை எண்ணுவதே கருவியின் முழு வேலையும். தோரியத்தின் வாரிசான தோரான் இதே குலத்து வாயுவாயினும், அதன் அரை ஆயுள் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு; எனவே பீப்பாய்க்குள் விடுமுன் காற்றைச் சில நிமிஷம் ஒரு தொட்டியில் காக்க வைத்தால் தோரான் வழியிலேயே மடிந்துபோகும். கல்பாக்கம், மணவாளக்குறிச்சி முதலிய கடற்கரைகளில் தோரியம் நிறைந்த மோனசைட் மணல் கிடக்கும் நம் நாட்டில் இந்த ஏற்பாடு மிகவும் அவசியம்.

இது இந்தியருக்குப் புதிய வித்தை ஒன்றும் இல்லை. ரேடானைக்கொண்டு பருவக்காற்றின் போக்குவரவை வரையறுக்கும் ஆராய்ச்சியை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானி ராமா 1970லேயே வெளியிட்டார். கடலின்மேல் பல நாள் பயணம் செய்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ரேடானில் ஏழை. கண்டத்தின்மேல் தவழ்ந்து வரும் குளிர்காலக் காற்று செல்வன். இந்த ஏழ்மையும் செல்வமும் காற்றின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகின்றன. சென்னைக்கு வடமேற்கே திருப்பதிப் பக்கத்தில் காதங்கி என்னும் கிராமத்தில் அமைந்த தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் எடுத்த ரேடான் அளவீடுகள் 2016இல் ஓர் ஆய்வுரையாக வெளிவந்தன. விடியற்காலையில் ரேடான் உச்சத்தை எட்டிப் பிற்பகலில் தாழ்வது அந்தக் கிராமத்துக் காற்றிலும் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அணுவிஞ்ஞான நிறுவனத்தார் இம்முறையை இன்னும் செம்மையாக்கி, ஓர் ஊரின் இரவுகளை ரேடான் ஏற்றத்தைக்கொண்டு நாலு வகுப்பாகப் பிரித்து, காற்று நன்கு கலந்த இரவுகளைத் தம்முள்ளும் அசையாது உறைந்த இரவுகளைத் தம்முள்ளும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். எளிய காரியந்தான், ஆனால் ஒப்பிடத் தகாதவற்றை ஒப்பிட்டு மகிழ்வதோ வருந்துவதோ அதனால் நின்றுவிடுகிறது.

வடசென்னைக்கு இம்முறை தரக்கூடிய லாபம் இதைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம். இங்கே இருவகைப் புகை உண்டு. ஒன்று தரையோடு பிறப்பது: லாரி, அடுப்பு, குப்பை எரிப்பு, சரக்கு இறக்கும் தூசி. மற்றொன்று அந்தரத்தில் பிறப்பது. ஐந்நூறு மெகாவாட் அனல் மின் யந்திரங்களுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டுமென்பது நம் நாட்டில் நெடுங்காலம் இருந்து வந்த விதி. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து வானத்தில் அவ்வகைப் புகைபோக்கிகள் வெகு தூரத்துக்குத் தெரியும். இரவில் மூடி நூறு மீட்டரில் அமர்ந்திருக்கும்போது, அப்புகைபோக்கியின் வாய் மூடிக்கு மேலே இருக்கிறது. கீழே உறங்குகிறவர்களுக்கு அந்தப் புகை இறங்குவதில்லை. மேலேயே பட்டையாக நீண்டு கிடக்கிறது. காலை எட்டு, ஒன்பது மணி அளவில் வெயில் ஏறி, நிலம் சூடாகி, கலக்கும் காற்று மூடியை உயர்த்திக்கொண்டே போய் அந்தப் பட்டையைத் தொடும் தருணத்தில், இரவெல்லாம் சேர்ந்த கந்தகப் புகை ஒரேயடியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது.

தரைப்புகையும் ரேடானும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். இரண்டும் இரவில் சேர்ந்து ஏறும், காலையில் சேர்ந்து இறங்கும். ஆகவே ரேடான் ஏறும்போது கூடவே ஏறி, அது இறங்கும்போது கூடவே இறங்கும் மாசு தெருவின் மாசு. ரேடான் சரிந்துகொண்டிருக்கும் காலை வேளையில் கந்தக டையாக்சைடு மாத்திரம் எதிர்த் திசையில் ஏறுமானால், அது புகைபோக்கியிலிருந்து வந்தது என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. பகலில் கடற்காற்று நுழையும்போதும் இதுவே நிகழலாம். கடலின் குளிர்ந்த, மேல்கீழாகக் கலவாத காற்றில் மிதந்து வரும் உயர் புகை, கரை கடந்து சூடான நிலத்தின் கலக்கத்துக்குள் அகப்பட்டதும் கீழே இழுக்கப்படுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆலைகளுக்கும் ஊர்மக்களுக்கும் இடையே ஓயாத வழக்கு ஒன்று இருக்கிறதே, உன் புகையா என் புகையா என்று, அதில் இரண்டு வளைகோடுகளை ஒரே தாளில் வரைந்து காட்டினாலே பாதி விவாதம் அடங்கும். மணலியை மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பிரதேசங்களில் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் அறிவித்தும் இந்த வழக்கு ஓயவில்லை.

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று காற்றுக்குத் திசை பார்த்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. காசிமேட்டு மீனவர் இன்றும் வாடைக்கும் கச்சானுக்கும் தக்கபடி வலையெடுப்பவர்கள். ஆனால் காற்று வந்த திசை வேறு, தங்கி வந்த இடம் வேறு. கொருக்குப்பேட்டைக்குக் கிழக்கே கடல் இரண்டு கிலோமீட்டர் தொலைவில்தான். கடலிலிருந்து வருகிறதே, சுத்தமான காற்றாகத்தான் இருக்கும் என்று எண்ணி மாலையில் காசிமேட்டுப் பக்கம் உலாவப் போகிறோம். இரவுத் தரைக்காற்று இவ்வூர்ப் புகையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய் வைக்க, மறுநாள் பகற் கடற்காற்று அதையே திரும்பக் கொணர்வதும் உண்டு. அப்போது காற்று கிழக்கிலிருந்து வீசினாலும் அதில் ரேடான் மிகுந்திருக்கும்; சமுத்திரம் அவ்வளவு ரேடானைத் தர இயலாதாகையால் அது நிலம் தொட்டு வந்த காற்று என்று தெரிந்துவிடும். வாடைக் காலத்தில் இன்னொரு சந்தேகமும் எழும். கங்கைச் சமவெளியின் மூட்டம் வங்கக் கடலைக் கடந்து நம் கரைக்கு வருமா? கல்கத்தாவிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 1350 கிலோமீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றுக்கு 75 மணி நேரம் ஆகும். அது ரேடானின் ஓர் அரை ஆயுளுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே புறப்பட்ட ரேடானில் பாதிக்குமேல் மிஞ்சியிருக்கும். பல வாரம் கடலிலேயே கிடந்த காற்றில் அப்படி மிஞ்சியிருக்க வழியில்லை. 1999இன் இந்து சமுத்திரப் பரிசோதனையில் வட இந்து சமுத்திரத்தின்மேல் பழுப்பு மூட்டம் படர்ந்திருப்பதை விஞ்ஞானிகள் கண்டபின், இத்தகைய கேள்வி கற்பனையாகாது.

சாட்சி எவ்வளவு நல்லவனாயினும் குறுக்கு விசாரணை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணின் துவாரங்கள் நீரால் அடைபட்டுப்போனால் ரேடான் மேலேறாது. அப்போது நொடிக்கு ஓர் அணு என்ற கணக்கு செல்லாது. எண்ணூர்ப் பக்கத்து மணல் வேறு, கொருக்குப்பேட்டையின் கொட்டி நிரப்பிய களிமண் வேறு, சிமெண்டு பூசிய துறைமுக முற்றம் வேறு. பாஸ்பேட் உரம் செய்யும்போது மிஞ்சும் ஜிப்சக் குவியல்களில் மூலப் பாறையின் ரேடியம் பெரும்பாலும் தங்கிவிடுவதால், அவற்றின் அருகே வைக்கப்பட்ட கருவி வானிலையைச் சொல்வதாக நினைத்துக் குவியலைச் சொல்லிக்கொண்டிருக்கும். அனல் நிலையச் சாம்பலிலும் ரேடியம் உண்டு. ஆனால் உருகி உறைந்த கண்ணாடி போன்ற அதன் மணிகளிலிருந்து ரேடான் எளிதில் வெளிவருவதில்லை. இவற்றுக்கெல்லாம் பரிகாரம், இடத்தை ஆராய்ந்து தேர்வதும், மண் விடும் ரேடானை ஒரு குடுவையைக் கவிழ்த்து வைத்து நேரே அளந்து பார்ப்பதுமே. மீனம்பாக்கத்திலிருந்து காலையும் மாலையும் ஐந்தரை மணியை ஒட்டி வானிலை இலாகாவினர் விடும் பலூன், மேற்காற்றின் உஷ்ணத்தை அளந்து மூடியின் உயரத்தைத் தருவதால், ரேடான் கணக்கை நாளைக்கு இருமுறை அதனோடு ஒத்துப் பார்க்கவும் முடியும். பலூன் நாளைக்கு இரண்டு படம் எடுத்துக் கொடுக்கிறது; இடையில் நடந்ததை ரேடான் மணிக்கு மணி எழுதுகிறது.

இம்முறை இல்லாததால் வரும் நஷ்டம் என்ன என்பதற்குப் போகியைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பாயும் டயரும் எரியும் அந்த விடியற்காலையில் நுண்துகள் எவ்வளவு ஏறிற்று என்று ஆண்டுதோறும் அளந்து, சென்ற ஆண்டோடு ஒப்பிட்டு, மக்களுக்கு விழிப்புணர்ச்சி வந்துவிட்டது என்றோ வரவில்லை என்றோ சொல்கிறார்கள். ஓர் ஆண்டு முந்தின மாலையிலிருந்து நுண்துகள் 200 மைக்ரோகிராம் ஏறியது, மறு ஆண்டு 120தான் ஏறியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாற்பது சதவிகிதம் குறைந்துவிட்டது என்று பத்திரிகையில் வரும். முதலாண்டில் அதே மணிகளில் ரேடான் 15 பெக்கரெலும், மறு ஆண்டில் 9 பெக்கரெலும் ஏறியிருந்தால்? இருநூறைப் பதினைந்தாலும், நூற்றிருபதை ஒன்பதாலும் வகுத்துப் பாருங்கள். இரண்டும் பதிமூன்று சொச்சம். ஒரு டயர்கூடக் குறைந்து எரியவில்லை. மூடி சற்று உயரத்தில் அமர்ந்தது, அவ்வளவே. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கின்போது காற்று தெளிந்ததாக எல்லோரும் வியந்தோம். அதில் மெய் உண்டு. ஆனால் சித்திரை வெயிலில் காற்று வெகு உயரம் வரை கலக்கும் என்பதையும் கழித்துவிட்டு, வாகனம் நின்றதற்கு உரிய பங்கு எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நுண்துகளில் சதவிகிதக் குறைவையே இலக்காக வைத்தது. காற்று நன்கு கலந்த ஆண்டு ஒன்று வந்துவிட்டால் யாரும் எதுவும் செய்யாமலே அத்தகைய இலக்கில் ஒரு பங்கு கைகூடக்கூடும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலிருந்து எழும் மீதேனையும் இவ்வழியில் மதிப்பிடலாம்: இரவில் மீதேன் ஏறிய அளவை ரேடான் ஏறிய அளவால் வகுத்து, நிலம் விடும் ரேடானால் பெருக்க வேண்டியதுதான். ஐரோப்பாவில் பசுமைக்குடில் வாயுக்களுக்கு இக்கணக்கைப் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறார்கள்.

2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நியமங்களில் பன்னிரண்டு பொருள்கள் உள்ளன. ரேடான் அவற்றில் இல்லை. பதின்மூன்றாவதாக அதைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. அந்தப் பன்னிரண்டையும் பொருள் தெரிந்து வாசிக்க அது உதவும் என்கிறேன். மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய நிலையங்களுள் ஒன்றிலாவது, ஒரு வாடைக்காலமும் ஒரு கோடைகாலமும் அடங்க ஓராண்டுக்கு, ரேடான் எண்ணும் கருவி ஒன்றை வாரியம் வைக்கட்டும். அந்த எண்களை மற்ற எண்களோடு ஒரே பட்டியலில் வெளியிடட்டும். வாரியம் தாமதிக்குமானால், பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது, கொருக்குப்பேட்டை கேட்டிலிருந்து வெகு தூரமில்லை. அக்கல்லூரி மாணவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், வருகிற போகிக்கு முந்தின மாலையிலேயே கருவியைத் தயாராக வைத்துவிடும்படி வேண்டுகிறேன்.